பகடை பேஸ்பால் லீக்: பெட்டியில் இல்லாத விதிகள்

மேசையில் ஆடும் பேஸ்பால் லீக்கைத் தொடங்குவது ஒரு மாலை நேர வேலை. எட்டு மேனேஜர்கள், ஒரு சீசனின் அட்டைகள், நான்கைந்து பகடைகள், டிராஃப்ட் எடுக்க (முறைவைத்து வீரர்களைப் பிரித்தெடுக்க) ஒரு பெரிய மேசை. அதைப் பிளேஆஃப் என்ற இறுதிச் சுற்று வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதில்தான் பாடு. பாதியில் நிற்கும் லீக்குகள் பெரும்பாலும் மூன்று காரணங்களில் நிற்கின்றன: யாரை எவ்வளவு ஆடவைக்கலாம் என்று எழுதிவைக்காதது, போட்டிகளை நாள் குறிக்காமல் விட்டது, வராத மேனேஜருக்கு யார் ஆடுவது என்று முடிவுசெய்யாதது. ஆட்டத்தின் விதிப்புத்தகத்தில் இவை மூன்றுக்கும் போதுமான பதில் இருக்காது. அது ஒரு போட்டியை நடத்தச் சொல்லித்தரும். லீக் நடத்துவது வேறு வித்தை.

வழக்கமான ஃபேன்டஸி ஆட்டத்தில் இன்று மைதானத்தில் நடந்தது நாளை உங்கள் புள்ளியாகும். இங்கே அப்படியில்லை. போன சீசனில் ஒரு வீரர் செய்ததெல்லாம் சாத்தியக்கூறாக ஓர் அட்டையில் ஏறியிருக்கும். மேனேஜர் பந்துக்குப் பந்து இல்லாவிட்டாலும் பேட்டருக்குப் பேட்டர் முடிவெடுத்து ஆடுவார். 1951இல் வந்த ஆப்பாவும் 1961இல் ஹால் ரிச்மன் விற்கத் தொடங்கிய ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்கும் இந்த வகையில் மூத்தவை. ஆப்பாவில் இரண்டு பகடையை 11 முதல் 66 வரை வாசித்து, அட்டையில் வரும் எண்ணைப் எந்தெந்தப் பேஸில் ஆள் நிற்கிறார் என்பதைப் பொறுத்த பலகையில் தேட வேண்டும். ஸ்ட்ராட்டில் முடிவு பெரும்பாலும் அட்டையிலேயே இருக்கும். கீழே சொல்லும் கணக்குகள் ஸ்ட்ராட்டை வைத்து. லீக் விதிகள் எந்த ஆட்டத்துக்கும் பொருந்தும்.

முதலில் ஓர் உருட்டலைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்று ஆறுபக்கப் பகடை, அதில் ஒன்று தனி நிறம். தனி நிறப் பகடையில் 1, 2, 3 விழுந்தால் பேட்டர் அட்டை. 4, 5, 6 விழுந்தால் பிட்சர் (பந்து எறிபவர்) அட்டை. அந்த எண்தான் அட்டையில் எந்த நெடுவரிசை என்பதும். மற்ற இரண்டின் கூட்டுத்தொகை எந்த வரி என்று சொல்லும். மொத்தம் 216 சாத்தியங்கள், ஓர் அட்டைக்கு 108. 7ஆம் வரி 36இல் 6 தடவை வரும். 2உம் 12உம் ஒரே ஒரு தடவைதான். ஆகவே 7ஆம் வரியில் ஹோம் ரன் இருப்பவரும் 12ஆம் வரியில் ஹோம் ரன் இருப்பவரும் ஒன்றல்ல. 7ஆம் வரியில் ‘ஹோம் ரன் 1-12, இல்லையேல் ஃப்ளை அவுட்’ என்று பிரித்திருந்தால் இருபது பக்கப் பகடையையும் உருட்ட வேண்டும். 6 வாய்ப்பில் 12/20 பங்கு, அதாவது 3.6 வாய்ப்பு. டிராஃப்டுக்கு முன் தன் பட்டியலில் உள்ள ஒவ்வோர் அட்டைக்கும் இப்படி ஹிட், வாக் (அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் வாய்ப்புகளைக் கூட்டி எழுதிவைத்திருப்பவர், பெயரைப் பார்த்து எடுப்பவரைவிட இரண்டு சுற்று முன்னால் இருப்பார். இடதுகைப் பிட்சருக்கு எதிரான பக்கத்தையும் வலதுகைப் பிட்சருக்கு எதிரான பக்கத்தையும் தனித்தனியாகக் கூட்ட வேண்டும்.

எத்தனை அணி, எந்த வீரர்கள் என்பது அடுத்தது. 30 மேஜர் லீக் அணிகள், அணிக்கு 26 பேர் என்றால் 780 பேர். எட்டு அணி லீக்குக்கு அத்தனை பேரையும் திறந்துவிட்டால் ஒவ்வொரு அணியும் ஆல்-ஸ்டார் அணியாகிவிடும். நிஜத்தில் 40 ஹோம் ரன் அடித்தவர் இங்கே அந்த வேகத்துக்குப் பக்கத்தில்கூட வரமாட்டார், ஏனென்றால் அவர் அட்டை சராசரிப் பிட்சர்களை எதிர்பார்த்துச் செய்தது. எதிரே நிற்பவர் எல்லாரும் முதல்தரம். அப்போது ‘அட்டை சரியில்லை’ என்று புலம்பல் வரும். அட்டை சரிதான், வீரர் குளம்தான் அளவுக்கு மீறிப் பெரிது. அமெரிக்கன் லீக் அல்லது நேஷனல் லீக், ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் 15 அணி, 390 பேர். எட்டு அணிக்கு 28 பேர் வீதம் 224 பேர். சுமாரான நான்காம் ஸ்டார்டரும் (போட்டியைத் தொடங்கும் பிட்சர்), பந்து பிடிக்கத் தெரிந்து அடிக்கத் தெரியாத கேட்சரும் அப்போதுதான் மதிப்புப் பெறுவார்கள். ஆட்டத்தின் ருசியே அதில்தான்.

28 ஏன்? நிஜ அணிக்கே 26 போதுமே என்று கேட்பார்கள். நிஜ அணி காயம்பட்டவர்களுக்குப் பதில் மைனர் லீக்கிலிருந்து ஆள் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒருவரை அவர் நிஜத்தில் ஆடிய அளவுக்கு மேல் இங்கே ஆடவைக்கக் கூடாது என்பதுதான் அடிப்படை. கணக்கைப் பாருங்கள். 162 போட்டிக்கு ஓர் அணிக்குச் சுமார் 1,458 இன்னிங்ஸ் பிட்சிங் வேண்டும். இன்றைய ஸ்டார்டர்களில் 200 இன்னிங்ஸ் தொடுபவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். நல்ல ஸ்டார்டர் ஐந்து பேர் 160 வீதம் 800, ரிலீவர் (நடுவில் மாற்றாக வரும் பிட்சர்) ஏழு பேர் 60 வீதம் 420, கூட்டினால் 1,220. இன்னும் 238 குறைகிறது. 10 சதவீதச் சலுகை கொடுத்தாலும் 1,342தான். அதனால் 14 பிட்சர்கள் வேண்டும். பேட்டிங்கிலும் இதே கதை: போட்டிக்கு 38 பேட்டர் வாய்ப்பு (மட்டையோடு வந்து நிற்கும் தடவை) என்றால் சீசனுக்கு 6,156. 2022 முதல் இரண்டு லீக்கிலும் டி.எச். (பிட்சருக்குப் பதில் மட்டை பிடிப்பவர்) இருப்பதால் ஒன்பது பேட்டர்கள். இடத்துக்கு 684 வாய்ப்பு தேவை. கேட்சரில்தான் எல்லோரும் மாட்டுவார்கள். முதல்நிலைக் கேட்சருக்கே 450 வாய்ப்பு இருந்தால் அதிகம். மீதி 234ஐ இரண்டாம் கேட்சர் நிரப்ப வேண்டும். டிராஃப்ட் முடிந்த அன்றே, லீக்கை நடத்தும் கமிஷனர் ஒவ்வொரு அணிக்கும் பொசிஷன் வாரியாக இந்தக் கூட்டலைச் செய்து, பற்றாக்குறை இருந்தால் அங்கேயே சொல்லிவிட வேண்டும். பன்னிரண்டாம் வாரத்தில் தெரிந்து பிரயோஜனமில்லை.

முழு 162 போட்டி வேண்டாம். பழகிய கைக்கு ஒரு போட்டி 30 முதல் 45 நிமிடம். 40 என்று வைத்தால் 162 போட்டிக்கு 108 மணி நேரம். வேலை, குடும்பம் உள்ளவர்களுக்குக் கட்டுப்படியாகாது. எட்டு அணிக்குச் சரியாக உட்காரும் எண் 84: ஏழு எதிரணி, ஒவ்வொன்றோடும் 12 போட்டி, அதில் ஆறு சொந்த மைதானம், ஆறு வெளியே. மூன்று போட்டித் தொடர்களாகப் பிரித்தால் 28 தொடர். வாரத்துக்கு இரண்டு தொடர், 14 வாரம். ஒருவருக்கு வாரம் நாலு மணி நேரம். ஒரு வாரத்தை ஏழு நாளாக எண்ணி, முதல் தொடர் 1-3, ஓய்வு 4, இரண்டாம் தொடர் 5-7 என்று ஆட்ட நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். நிஜத்தில் எந்தக் கிழமை ஆடினாலும் ஆட்டத்துக்குள் அது அந்த நாள்தான். இந்த நாட்காட்டி இல்லாமல் பிட்சர் ஓய்வை யாராலும் சரிபார்க்க முடியாது.

இனி வரம்பு. லீக்கின் முதுகெலும்பு இதுதான். 84/162 என்றால் கிட்டத்தட்ட 52 சதவீதம். நிஜத்தில் 600 தடவை மட்டை பிடித்தவருக்கு இங்கே 311 தடவை. 32 ஸ்டார்ட் செய்தவருக்கு 16.6, மேலே முழுமையாக்கி 17. அதற்கு மேல் 10 சதவீதம் சலுகை தரலாம், தராமலும் இருக்கலாம், தந்தால் எல்லோருக்கும்.

பேட்டருக்கு எதை எண்ணுவது என்பதில் பல லீக்குகள் சறுக்குகின்றன. பழக்கத்தில் அட்-பேட்டை எண்ணுவார்கள். வாக் அட்-பேட்டில் சேராது. 2004இல் பாரி பாண்ட்ஸுக்கு 373 அட்-பேட், 232 வாக். அதில் 120 எதிரணி வேண்டுமென்றே கொடுத்தவை. மொத்தம் மட்டையோடு வந்து நின்றது 617 தடவை. அந்த அட்டை உள்ள லீக்கில் அட்-பேட் வரம்பு வைத்தால், பயந்துபோன எதிரணிகள் அவரை நடக்கவிடும் ஒவ்வொரு தடவையும் வரம்பில் ஒரு துளிகூடக் குறையாது. அவர் கணக்கில்லாமல் பேஸில் நின்றுகொண்டே இருப்பார். பிளேட் அப்பியரன்ஸை எண்ணுங்கள்: அட்-பேட், வாக், உடலில் பட்ட பந்து, சாக்ரிஃபைஸ் எல்லாம் சேர்த்து. பாண்ட்ஸ் மாதிரி ஒருவர் இல்லாத சீசனிலும் இதுவே சரியான அளவுகோல்.

இன்னொரு ஓட்டை, அரைகுறையாக ஆடியவர்களின் அட்டை. நிஜத்தில் இடதுகைப் பிட்சர்களுக்கு எதிரே வெறும் 50 தடவை ஆடி, அதிர்ஷ்டம் அடித்து வெளுத்துக்கட்டிய ஒருவர் இருப்பார். அவர் அட்டையின் அந்தப் பக்கம் பயங்கரமாக இருக்கும். மொத்தம் 300 வாய்ப்பு வரம்பு உள்ள அவரை, புத்திசாலி மேனேஜர் இடதுகைப் பிட்சர் வரும் நாளில் மட்டும் இறக்குவார். மொத்த வரம்பு மீறப்படவேயில்லை, ஆனாலும் இது ஏமாற்று வேலைதான். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி வரம்பு எழுதினால் தீரும். செப்டம்பரில் மைனர் லீக்கிலிருந்து மேலே வந்து 12 இன்னிங்ஸ் போட்டு ஒரு ரன்கூட விடாத ரிலீவர்களும் இதே வகை. 30 இன்னிங்ஸுக்குக் குறைந்தவரை டிராஃப்டிலேயே சேர்க்காமல் விடுவது நல்லது. பிட்சர் வரம்பை இன்னிங்ஸில் எழுதாமல் அவுட் கணக்கில் எழுதுங்கள். 62⅓ இன்னிங்ஸ் என்பது 187 அவுட். எக்செல்லில் 62.3 என்று ஒருவரும் 62.1 என்று ஒருவரும் அடித்து வரும் சண்டை மிச்சம்.

பிட்சர் ஓய்வுக்கு இந்த அளவு போதும்: ஸ்டார்டருக்கு நாலு நாள் இடைவெளி, அதாவது நாள் 1இல் போட்டவர் நாள் 6இல் வரலாம். ரிலீவர் இரண்டு நாள் தொடர்ந்து போட்டால் மூன்றாம் நாள் உட்கார வேண்டும். ஒரே நாளில் இரண்டு இன்னிங்ஸுக்கு மேல் போட்டால் மறுநாள் கிடையாது. ஒரு போட்டிக்குள் களைப்பை அட்டையே பார்த்துக்கொள்ளும்: அடைப்புக்குறிக்குள் உள்ள இன்னிங்ஸ் எண்ணைத் தாண்டி அடி வாங்கினால், புள்ளி வைத்த முடிவுகள் ஹிட்டாக மாறும். போட்டிக்கும் போட்டிக்கும் நடுவேதான் விதி தேவை. எல்லோரும் செய்யும் தந்திரம் ஒன்று உண்டு. தொடரின் கடைசிப் போட்டியில் புல்பென்னில் (ரிலீவர்கள் காத்திருக்கும் இடம்) இருக்கிற அத்தனை பேரையும் கொட்டிவிட்டு, அடுத்த தொடருக்கு ‘எல்லோரும் ஓய்வெடுத்துவிட்டார்கள்’ என்று வந்து நிற்பது. தொடர் முடிந்ததும் இரு மேனேஜர்களும் பிட்சர் தாளை, பெயர், நாள், அவுட் எண்ணிக்கை என்று மூன்றே நெடுவரிசையில், பாக்ஸ் ஸ்கோரோடு (போட்டியின் புள்ளிவிவரத் தாள்) சேர்த்து அனுப்ப வேண்டும். தாள் வராமல் அடுத்த தொடர் தொடங்கக் கூடாது.

எக்ஸ்ட்ரா இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் ஆள் வைப்பதா என்பதை முதல் நாளே முடிவுசெய்யுங்கள். 2020இல் வந்த அந்த நிஜ விதி பலருக்குப் பிடிக்காது. ஆனால் அது இல்லாத லீக்கில் ஒரு 17 இன்னிங்ஸ் போட்டி வந்தால் அந்த வாரம் முழுக்க புல்பென் காலி.

காயம் பற்றிச் சுருக்கமாக: அட்டையில் காயம் என்று வந்தால் வீரர் சில நாள் வெளியே போகும் விதியும் வரம்பு விதியும் சேர்ந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு தண்டனை. நிஜத்தில் காயத்தால் குறைவாக ஆடியவரின் வரம்பு ஏற்கெனவே குறைந்துதான் இருக்கும். காயம் அந்தப் போட்டியோடு முடியட்டும்.

வரம்பு மீறினால் என்ன செய்வது? வெற்றியைப் பறிப்பது எதிரணிகளுக்குள் அநியாயத்தை உண்டாக்கும். யாருக்கு எதிரான போட்டியில் மீறினார் என்பதைப் பொறுத்து மூன்றாவது ஒருவர் லாபமடைவார். 10 வாய்ப்புக்கு ஒரு சுற்று என்று அடுத்த டிராஃப்டில் பின்னுக்குத் தள்ளுவது உறைக்கும். அதைவிட முக்கியம், மீற வேண்டிய கட்டாயமே வராமல் பார்ப்பது. யாரும் எடுக்காமல் விட்ட வீரர்களில் ஒவ்வொரு பொசிஷனுக்கும் ஆக மோசமான ஒருவரைக் கமிஷனர் எடுத்துத் தனிக் கவரில் வைத்திருக்கட்டும். ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) வரம்பு தீர்ந்தவர் அந்தக் கவரிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், வரம்பில்லாமல். அவரை ஆடவைப்பதே போதுமான தண்டனை.

டிராஃப்டில் அடிக்கிறவர்களின் பின்னால் ஓடுபவர்கள் மறப்பது ஃபீல்டிங்கை. ஸ்ட்ராட் பிட்சர் அட்டையில் 108இல் 30 வாய்ப்பு ஃபீல்டர் கையில் போகிறது: ஷார்ட்ஸ்டாப்புக்கு 7, செகண்ட் பேஸுக்கு 6, தேர்டு பேஸ், சென்டர் ஃபீல்டு, கேட்சருக்கு மும்மூன்று, மற்ற நாலு இடங்களுக்கு இரண்டிரண்டு. போட்டிக்கு 38 பேட்டர் என்றால் ஷார்ட்ஸ்டாப்புக்குப் போட்டிக்கு ஒன்றேகால் தடவை, 84 போட்டியில் சுமார் 103. லெஃப்ட் ஃபீல்டருக்கு முப்பதுதான். 1 முதல் 5 வரையிலான மதிப்பீட்டில் 1 உள்ள ஷார்ட்ஸ்டாப்புக்கும் 4 உள்ளவருக்கும் நடுவே அந்த 103 தடவையில் எத்தனை ஹிட் கூடுகிறது என்று அட்டவணையை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு சுமாரான பேட்டரை மன்னிக்கத் தோன்றும். மோசமான ஃபீல்டரை ஒளிக்க வேண்டுமென்றால் லெஃப்ட் ஃபீல்டில் ஒளியுங்கள்.

மேசையில் வரும் சண்டையில் பெரும்பகுதி, பகடை உருண்ட பிறகு ‘நான் இன்ஃபீல்டை உள்ளே இழுத்திருந்தேன்’ என்பதால் வருவது. மூன்றாம் பேஸில் ரன்னர், ஒரு அவுட். இன்ஃபீல்டு (பேஸ்களருகே நிற்கும் ஃபீல்டர்கள்) உள்ளே வந்தால் ரன்னரைத் தடுக்கலாம். ஆனால் தரையில் உருளும் சில கிரவுண்டர்கள் அவுட்டாகாமல் சிங்கிளாகிவிடும். ஆகவே ஒரு வரிசை வேண்டும். முதலில் தற்காப்பு அணி சொல்லும்: இன்ஃபீல்டு உள்ளே அல்லது பின்னே, ரன்னரைப் பிடித்து நிற்பதா இல்லையா. பிறகு அடிக்கும் அணி: ஸ்டீல், பன்ட், ஹிட் அண்ட் ரன், அல்லது ‘சும்மா’. அதற்கப்புறம்தான் கை பகடையைத் தொடலாம். எதுவும் சொல்லாவிட்டால் இயல்பான நிலை. பகடை ஓரம் போட்ட தட்டுக்குள் விழ வேண்டும். சாய்ந்து நின்றாலோ வெளியே போனாலோ எல்லாப் பகடையையும் மறுபடி உருட்ட வேண்டும், போனதை மட்டும் அல்ல. இருபது பக்கப் பகடையை முதல் உருட்டலோடேயே சேர்த்து உருட்டிவிடலாம். போட்டிக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகும்.

எல்லோரும் ஒரே ஊரில் இருப்பதில்லை. வீடியோ அழைப்பில் ஆடினால் கேமரா பகடைத் தட்டின் மேல் இருக்கட்டும், முகத்தின் மேல் வேண்டாம். அதுவும் முடியாதபோது சொந்த மைதானத்து மேனேஜர் இரண்டு பக்கமும் ஆடுவார், எதிரணியின் குறிப்புத்தாளை வைத்து. குறிப்புத்தாள் எழுதத் தெரியாதவர்கள்தான் பாதி. ‘நிலைமை பார்த்து குளோசரை (கடைசி இன்னிங்ஸ் ரிலீவர்) இறக்கவும்’ என்று எழுதினால் யாருடைய நிலைமை? இப்படி எழுத வேண்டும்: ‘8ஆம் இன்னிங்ஸ் முடிந்ததும் 1 முதல் 3 ரன் முன்னிலை என்றால் குளோசர். 4 அல்லது அதற்கு மேல் என்றால் நீண்ட ரிலீவர். சமநிலை என்றால், சொந்த மைதானத்தில் மட்டும் குளோசர்.’ இரண்டு லைன்-அப், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பதில் பேட்டர் யார், யாருக்குப் பதிலாக, எந்த இன்னிங்ஸுக்குப் பின். ஸ்டீல் யாருக்கு அனுமதி. இத்தனையும் ஒரே பக்கத்தில் அடங்கும். தாளில் இல்லாத நிலைமை வந்தால் வராதவருக்குச் சாதகமான முடிவு. இதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

மேஜர் லீக்கில் சொந்த மைதான அணி ஏறக்குறைய 54 சதவீதம் ஜெயிக்கும். ஒரு மேனேஜர் தனியாக உருட்டிய 42 போட்டியில் 31 ஜெயித்து, வெளியே 42இல் 17 என்றால் முணுமுணுப்பு எழும். ஏமாற்றாமலே இது நடக்கலாம். எதிரே உயிருள்ள மேனேஜர் இல்லாதது பெரிய சாதகம். இருந்தாலும் கமிஷனர் மாதம் ஒருமுறை இந்தப் பிரிவைப் பார்த்து, வித்தியாசம் பெரிதாக இருந்தால் அவருடைய மீதித் தொடர்களை வீடியோவில் ஆடச் சொல்லலாம். குற்றம் சாட்டாமல், எல்லோர் முன்னும் சொல்லாமல்.

பாக்ஸ் ஸ்கோரைச் சரிபார்க்க ஒரு பழைய கணக்கு இருக்கிறது. ஓர் அணியின் மொத்த பேட்டர் வாய்ப்பு = அது எடுத்த ரன் + பேஸில் விட்டுவிட்டவர்கள் + அவுட்கள். 38 வாய்ப்பு, 5 ரன், 6 பேர் பேஸில் நின்றுபோனார்கள், 27 அவுட். பொருந்துகிறது. பொருந்தவில்லை என்றால் எங்கோ ஒரு வாக் அல்லது டபுள் பிளே எழுதாமல் விட்டிருக்கிறது. எக்செல்லில் இதற்கு ஒரு கட்டத்தை வைத்து, பொருந்தாத தாளை அன்றே திருப்பி அனுப்புங்கள். ஒரு வாரம் போனால் எந்த இன்னிங்ஸில் என்ன நடந்தது என்று இருவருக்கும் நினைவிருக்காது.

வீரர்களை அடுத்த ஆண்டுக்கும் வைத்துக்கொள்ளும் லீக்காக இருந்தால் ஒரு வினோதம் உண்டு: உங்கள் அட்டை போன சீசனுடையது, அதே வேளையில் நிஜ சீசன் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஆண்டு மைதானத்தில் சொதப்பிக்கொண்டிருப்பவர் உங்கள் மேசையில் ஜொலிப்பார், அடுத்த ஆண்டு அட்டை குப்பையாகும் என்று எல்லோருக்கும் தெரிந்தே. டிரேடு (வீரர் பரிமாற்றம்) முழுக்க இந்த இடைவெளியில்தான் நடக்கும். அட்டையே இல்லாத புதுமுகத்தைக் கொடுத்து இந்த ஆண்டு நட்சத்திரத்தை வாங்குவது முறையான பேரம். முறையில்லாதது, தோற்ற அணி எல்லோரையும் விற்றுவிட்டு ஆள் குறைவாக நிற்பது. 14 வாரத்தில் 9ஆம் வாரத்தோடு டிரேடை மூடுங்கள். டிரேடு முடிந்ததும் மீதிப் போட்டிகளுக்குப் போதுமான இன்னிங்ஸும் பேட்டர் வாய்ப்பும் இரு அணியிலும் இருக்கிறதா என்று அதே கூட்டலை மறுபடி செய்யுங்கள். இல்லையென்றால் டிரேடு செல்லாது. மேனேஜர்களின் ஓட்டெடுப்பு வேண்டாம். மற்ற ஆறு பேரும் தங்களுக்கு என்ன பாதிப்பு என்று பார்த்துத்தான் கை தூக்குவார்கள்.

பிளேஆஃபில் வரம்புகள் மறைந்துவிடும் என்று பலர் நினைத்து, 60 வாய்ப்புள்ள அதிசய அட்டையைச் சீசன் முழுக்கப் பொத்தி வைத்திருப்பார்கள். ஏழு போட்டித் தொடருக்கு 60/162 × 7 என்றால் 2.6, மேலே முழுமையாக்கி 3 வாய்ப்பு. அவ்வளவுதான் அவருக்கு. மூன்றையும் ஏழாவது போட்டியின் ஒன்பதாம் இன்னிங்ஸுக்கு வைத்துக்கொண்டால் அது மேனேஜரின் சாமர்த்தியம், அதில் யாரும் குறை சொல்ல முடியாது.